கச்சாங்கின் வயிறு

எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து மீனையோ கோழியையோ வாயில் வைக்காத ஒரே உயிர் கச்சாங்தான். விரதத்தின் பெயரால் தண்டனை வாங்கியதும் அதுதான். இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. உயரட்டும், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

கச்சாங் ஒரு கினி பிக். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்தால் அடங்கிவிடும் உருவம், வால் கிடையாது, வறுத்த நிலக்கடலையின் நிறம். அதனால்தான் கடலைக்கு உள்ள மலாய்ப் பெயரையே அதற்கு வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், அதைத் திக்குஸ் பெலாண்டா என்பார். டச்சுக்காரர் எலி என்று பொருள். மலாக்காவில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கட்டடங்களுக்கெல்லாம் சிவப்புச் சாயம் பூசிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எலியைக் காப்பாற்றத்தான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைத் தவிர ஆளில்லை.

அப்போது நாங்கள் புக்கிட் பெருவாங்கில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குச் செங் என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. ஒவ்வொரு வருடமும் மாசியில் அவர் காவடி எடுப்பார். ஏன் எடுக்கிறார் என்று கேட்டால், வீட்டுக்கு நல்லது என்பார் அம்மா. விரதம் பிடித்தவர் அப்பா ஒருவர்தான், ஆனால் இருந்தது வீடு முழுக்க. முட்டை வாங்கக் கூடாது. அப்பாவின் தட்டைத் தொடக் கூடாது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் கேட்டுக்குள் வரக் கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க, செங்கில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் சொந்தச் சொம்போடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவார். அப்பா முருகனுக்குப் பயந்தாரோ இல்லையோ, அத்தைக்குப் பயந்தார்.

காவடியில் எனக்கு அறவே பிடிக்காத காரியம் ஒன்று உண்டு. காவடியை இறக்கி வைத்ததும் அப்பா கை நிறைய விபூதி எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருவார். ஊரில் மற்ற அப்பாக்கள் பிள்ளைகளின் நெற்றியில் வைப்பார்கள். என் அப்பா என் சட்டைக்கு மேலாகவே வயிற்றில் தேய்ப்பார். புதுப் பாவாடை சட்டை வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். கூடப் படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வருடா வருடம் இந்த அவமானம் எனக்கு.

அந்த வருட விரதம் தொடங்கிய வாரமே கச்சாங்கின் புல் நின்றது. வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் நான்தான் தினமும் அதற்குப் புல் பறித்து வருவேன். ஒரு நாள் அத்தை வாசலில் மறித்தார்.

“நாய் கால தூக்குன புல்ல விரத வீட்டுக்குள்ள கொண்டாறியா? வெளிய போடு.”

“அப்போ அது என்னா சாப்பிடும் அத்தை?”

“சாமிக்குப் படைச்சது இருக்குல்ல. அதுக்கும் புண்ணியமா போகட்டும்.”

அன்றிலிருந்து கச்சாங்குக்குக் காலையில் சர்க்கரைப் பொங்கல், மாலையில் அர்ச்சனை வாழைப்பழம். அதுவும் நன்றாகத்தான் தின்றது. யாராவது தேன் மிட்டாயை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் புத்தி எனக்கே அப்போது கிடையாது, அதற்கு எப்படி இருக்கும். ஆனால் அது ஆவலாகத் தின்றதையே அத்தை சாட்சியாக்கினார். பாரு, இத்தனை நாள் பிள்ளையைப் புல்லைப் போட்டுப் பட்டினி போட்டிருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் பூஜை முடித்து வந்த அத்தை, கச்சாங் தலையைத் தன் வயிற்றுக்குக் கீழே வளைத்து, தான் போட்டதைத் தானே தின்பதைக் கண்டுவிட்டார். கினி பிக்குகள் அப்படித்தான். காய்ந்த உருண்டைகளைத் தள்ளிவிடும், மென்மையாக வருவதை எடுத்து மறுபடியும் தின்னும். பசு அசைபோடுகிற மாதிரி அது அதற்கு இரண்டாவது சாப்பாடு. அன்று எனக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. அது எப்பவும் அப்படித்தான் அத்தை, ஒண்ணும் ஆகாது என்று மட்டும் சொன்னேன். எப்பவும் என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வருடமும் இதே வீட்டில், இதே விரதத்தில், இந்த அசிங்கம் நடந்திருக்கிறதல்லவா?

அப்பா தீர்வு கண்டுபிடித்தார். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கச்சாங்கின் கழுத்தில் மாட்டினார். இனி அதால் தலையைக் கீழே வளைக்க முடியாது. கழுத்தை அறுக்காமல் இருக்க ஓட்டையின் ஓரத்தை மணல்தாளால் தேய்த்து, பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார். கொடுமையைக்கூட என் அப்பா நேர்த்தியாகத்தான் செய்வார். நான் அழுதேன். யாரும் கேட்கவில்லை.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புல்லைப் பிடுங்கினீர்கள், சர்க்கரையைப் போட்டீர்கள், அதன் வயிறு தானாகச் சரிசெய்துகொள்ளும் வழியையும் மூடி போட்டு அடைத்தீர்கள். ஒரு வாயில்லாப் பிராணியைக் கெடுக்க இதைவிட ஒழுங்காக யாரும் திட்டம் போட்டிருக்க முடியாது. அத்தனையும் சுத்தத்தின் பெயரால்.

சில நாட்களில் கச்சாங் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அம்மா குளிர்பெட்டியைத் திறந்தாலே கீச்சிடும் அது, சத்தமே இல்லாமல் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டில் உருண்டைகள் சிறுத்துப்போய், பிறகு ஒன்றுமே இல்லாமல் போயின. வயிற்றைத் தொட்டால் கல்லைப் போல இருந்தது. தொட்டதும் பல்லை நறநறவென்று கடித்தது.

கூண்டு சுத்தமாக இருப்பதைப் பார்த்து முதலில் திருப்திப்பட்டவர் அத்தைதான். விஷயம் புரிந்ததும் அவர் முகம் மாறியது. கச்சாங்குக்காக மாறவில்லை. விரத வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன ஆவது என்ற கவலை அவருக்கு.

“எலிக்கெல்லாம் தீட்டு உண்டா அக்கா?” என்று அப்பா கேட்டார்.

“பேரு வச்சு வீட்டுக்குள்ள வளத்த உயிருல்ல. செத்தா சாவுதான். காவடிய நீ எடுக்க முடியாம போனா யாரு பதில் சொல்றது?”

கோயில் பூசாரிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவர் அப்படி ஒரு பிராணியைப் பார்த்ததே இல்லை. மூஞ்சூறு என்றால் பிள்ளையார் வாகனம், இது எதில் சேரும் என்று தெரியவில்லை, எதற்கும் ஜாக்கிரதையாக இருங்கள் என்றுவிட்டார். அத்தை முடிவெடுத்தார். செர்காமில் தெரிந்தவர் ஒருவர் ஆடு வளர்க்கிறார், அங்கே கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டுவிடலாம். அதாவது, சாகட்டும், ஆனால் வேறு எங்காவது போய்ச் சாகட்டும்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தவள் நான். அப்பாவின் எதிரில் போய் நின்றேன்.

“உங்க காவடிக்காக அது சாகணுமா? யாருக்குப்பா வேணும் உங்க காவடி? யாரு கேட்டா?”

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். என்னை அடிக்காதவர், அன்று பொத்திய கையில் அத்தனை வலு இருந்தது. அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எழுந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, தான் செய்த மூடியைத் தானே வெட்டிக் கழற்றினார்.

“டாக்டர்கிட்ட காட்டு” என்று அம்மாவிடம் சொன்னார். அத்தையிடம், “செத்தா பாத்துக்கலாம் அக்கா, சாகாம பாத்துக்கலாம்” என்றார். எனக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. செத்தால் பார்த்துக்கொள்வாராம்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண். கச்சாங்கின் வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். குடல் அசையவே இல்லை என்றார். வலிக்கு ஓர் ஊசி போட்டு, குடல் அசைய மருந்தும், தண்ணீரில் கரைத்து ஊட்ட அரைத்த புல் தூளும் கொடுத்தார். பழமும் பொங்கலும் இனிக் கூடாது, காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், புண்ணியமும் புல்லிலேயே இருக்கட்டும் என்கிற மாதிரி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். கடைசியாக ஒரு சிறிய பொட்டலத்தை நீட்டினார். அவரிடம் இருந்த இன்னொரு ஆரோக்கியமான கினி பிக்கின் எச்சம் அது. அதைக் கரைத்துப் புல் தூளோடு சேர்த்து ஊட்ட வேண்டுமாம், நல்ல கிருமிகள் வயிற்றுக்குத் திரும்பி வருமாம்.

காரில் வரும் வழியெல்லாம் நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். எதைத் தின்னக் கூடாதென்று கழுத்தில் மூடியை மாட்டினார்களோ, அதையே மருந்தாக வாங்கி வருகிறோம். அத்தை அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் சொம்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இதை வீட்டுக்குள் செய்ய முடியாது. எங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கும் மக்சிக் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அப்பா போய் மக்சிக்கிடம் பேசினார். அவர் தன் பக்கம் பழைய மேசை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கூண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அது எங்கள் வீடு இல்லை, அங்கே எது நடந்தாலும் தீட்டு எங்களுக்கு இல்லை. இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம். என் கச்சாங்குக்கு உயிர் போகிறது, இவர்கள் எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊட்டியது அப்பாதான். அம்மாவின் கை நடுங்கியது, என் கை அவசரப்பட்டது. வேலைக்குப் போகும் முன்பும், வந்த பிறகும், இடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செங்கிலிருந்து மோட்டாரில் வந்தும் ஊட்டினார். மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழிக்காத தாடியோடு சுவருக்கு மேல் வயிற்றை அழுத்திக் குனிந்து, ஊசியில்லாத ஊசிக்குழலால் கச்சாங்கின் கடைவாயில் பச்சைக் கூழைச் சொட்டுச் சொட்டாக விடுவார். விரலால் அதன் வயிற்றை மெல்ல நீவிக் கொடுப்பார். முடித்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்த் தலையோடு குளிப்பார். ஒவ்வொரு முறையும் குளியல். அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. என் பிள்ளையைத் தொட்டதற்கு இத்தனை குளியலா என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஒரு சாயங்காலம் சுவரோரம் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“பாப்பா, வா வா. போட்டுருச்சு.”

ஓடினேன். கூண்டின் ஓரத்தில் சின்னதாய், கறுப்பாய், கோணலாய் ஒரே ஓர் உருண்டை. கச்சாங் காய்ந்த புல்லில் ஒரு தண்டை இழுத்து மென்றுகொண்டிருந்தது. மக்சிக் அந்தப் பக்கத்திலிருந்து அல்ஹம்துலில்லா என்றார். நான் கச்சாங்கைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டேன். அப்பா அந்த உருண்டையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அருவருப்பென்று சொல்லித்தானே கழுத்துக்கு மூடி போட்டார், இப்போது இதில் இத்தனை நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சளி என்று நினைத்தேன்.

காவடி அன்று நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காவடியை இறக்கியதும் வழக்கம்போல் விபூதியோடு வந்தார். வயிற்றில் தேய்த்தபோது நான் உதறிக்கொண்டு விலகினேன். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா காலைக் கழுவாமல் நேரே சுவருக்குப் போய், இடுப்பு முடிச்சில் இருந்த விபூதியை எடுத்துக் கச்சாங்கின் வயிற்றிலும் தேய்த்தார். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார், இதற்கெல்லாம் நான் மசியமாட்டேன் என்று உள்ளே போனேன். அடுத்த வருடத்திலிருந்து அப்பா காவடி எடுக்கவில்லை. என் கோபத்துக்குக் கிடைத்த வெற்றி என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தொப்புளுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு உண்டு. தொப்புளைப் போல அதுவும் எல்லோருக்கும் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு பழகிப்போய்க் கேட்கவே தோன்றவில்லை. போன வருடம் நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது, மகப்பேறு மருத்துவர் அதைக் காட்டி என்ன அறுவைச் சிகிச்சை என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“பொறந்து ஒரு மாசம்கூட ஆகல, ஒனக்குக் கொடல் அடைச்சுக்கிச்சு” என்றார் அம்மா. “வயிறு கல்லாட்டம் ஆயிருச்சு. பத்து வருசம் விடாம காவடி எடுக்கறேன்னு அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டாரு. அந்த எலிக்கு முடியாம போச்சே, அதான் கடைசி வருசம்.”

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். ஆஸ்பத்திரி நடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரு கேட்டா உங்க காவடிய என்று பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே கேட்டாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

“புள்ளைக்குப் பாரமா இருக்கும், சொல்லாதன்னுட்டாரு” என்றார் அம்மா. பிறகு சிரித்தார். “ஆப்பரேசனுக்கு அப்புறம் நீ ஆய் போனாத்தான் பொழைப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாங்க காத்துக் கெடக்கோம். ஒரு சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டாங்க, போட்டுருச்சுன்னு. உங்கப்பா அந்தத் துணிய கையில வாங்கி வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னாரு. யாரு கேட்டும் குடுக்கல.”