களவெட்டியில் சொன்ன ஒரு ஓம்

திங்கட்கிழமை மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் என்னை மறித்தார். ஏறாவூரில் புடவைக் கடை வைத்திருப்பவர். இந்தப் பத்தியை ஒரு வாரமும் விடாமல் படிப்பவர் — குறை சொல்வதற்காகவாவது படிப்பவர்.

"என்ன தம்பி, போன கிழமை உங்கட இடத்தில தைல விளம்பரம் போட்டிரிக்காங்க? எழுத ஒண்டும் கிடைக்கல்லையா?"

கிடைத்தது. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை... ஆனாலும் இரண்டாவது வாரமும் தைலம் விற்க விடலாமா?

என் அம்மான் இறந்துவிட்டார். அம்மாவின் அண்ணன்.

அம்மான் வெள்ளாமைக்காரர். வாவிக்கு இந்தக் கரையில் வீடு. அந்தக் கரையில், படுவான்கரையில், வயல். வாய் மட்டும் இரண்டு கரைக்கும் கேட்கும். மாமியை வைவார், மாட்டை வைவார், மழை பெய்தால் மழையை வைவார், பெய்யாவிட்டால் அதற்கும் வைவார். என்னைக் கண்டால், "வாடா பேப்பர்க்காரா! இந்தக் கிழமை ஆரக் கெடுத்த?" என்பார். அது கொஞ்சல். எனக்கு அவர் மீது கொள்ளை ஆசை.

ஆனால் களவெட்டிக்குள் கால் வைத்துவிட்டால் ஆளே வேறு.

கதிரைப் பரப்பி, மாடு விட்டு மிதிக்கிற அந்த வட்டக் களத்துக்குள் எங்கள் பக்கத்தில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. 'இல்லை' கூடாது. 'முடிந்தது' கூடாது. சாவு, நோய், நட்டம் — மூச்சு விடக் கூடாது. பேசினால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும். நெல்லைக்கூட நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். உள்ளே நின்று சொன்ன வார்த்தை பலிக்கும் என்பது அம்மானின் நம்பிக்கை.

ஒருமுறை எருமைக் கடா ஒன்று அவர் கால் விரலை மிதித்துவிட்டது. நகம் பெயர்ந்து ரத்தம். "நல்லா இரு ராசா... நல்லா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நொண்டி நொண்டிக் களவெட்டியைத் தாண்டினார். தாண்டியதும் அந்தக் கடாவின் தாய், தகப்பன், அதை விற்றவன், அவனுடைய தாய், தகப்பன்... ஒருவரையும் விடவில்லை. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம்.

இந்த வருசம் கதிர் வெட்டிச் சூடு வைத்த கையோடு — கதிர்க் கட்டைப் போராக அடுக்குவதுதான் சூடு — அம்மானுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய ஒரே மகன், என் மச்சான், கூட நிற்கத்தான் நினைத்தான். அம்மான் விடவில்லை.

"நான் சாகமாட்டன்டா. நீ போய்ச் சூட்டப் பாரு. மழை வந்து நனைச்சா மறுகா என்னத்தத் திங்கிற, என்ர தலையையா?"

உலக யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கூப்பன் முடியவில்லை. அந்தச் சூடுதான் வீட்டுக்கு வருசச் சோறு. மச்சான் போனான். காய்ச்சல் இறங்குவது போல இருந்தது. பிறகு ஒரு காலையில் அம்மான் போய்விட்டார்.

பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமி சொன்னது ஒன்றுதான். "மகனைக் கூட்டிக்கிட்டு வாங்க." மகன் இல்லாமல் எடுக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும். நான் தோணி ஏறினேன். மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று வாவி நெடுகிலும் வசனத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன். எழுதிப் பிழைக்கிறவன்தான்... ஒரு வசனம் சரியாக வரவில்லை.

வயல் வட்டைக்குப் போனால் — களவெட்டியில் மாடு சுற்றி வளைந்துகொண்டிருக்கிறது! சூட்டைப் பிரித்துக் களம் முழுக்கப் பரப்பியாகிவிட்டது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மச்சான் மாட்டுக்குப் பின்னால் நடந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். வயல் வேலையாட்களுக்குத் தலைவரான முல்லைக்காரர் ஓரத்துக்கு வந்தார். நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. சாவு வீட்டுத் துடக்கோடு களவெட்டிக்குள்!

"அம்மான்..." என்று தொடங்கினேன்.

முல்லைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மச்சானுக்கும் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னார்.

"அம்மான் நல்லா இரிக்காரு. அப்பிடித்தானே தம்பி?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வெளியே வா என்று மச்சானைக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்திருக்கலாம்தான்... என் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"ஓம்."

மச்சானின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்கு அப்பாவே வந்து பொலியப் பாக்கட்டும்!" என்று கத்தினான். ஒரு கம்பைத் தந்து என்னையும் மாட்டுக்குப் பின்னால் விட்டார்கள். நான் நடந்தேன். அவன் பாடினான். அவ்வளவு உற்சாகமாக அவன் பாடி நான் கேட்டதில்லை. இந்தச் சுற்றில் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் வாயைத் திறந்தேன். முல்லைக்காரர் கண்ணாலேயே வானத்தைக் காட்டினார். உள்ளே நின்று அழலாமா கூடாதா என்பதுகூடத் தெரியவில்லை. தூசி விழுந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மழை வந்ததா? வரவில்லை. அந்தக் கறுத்த மேகம் அத்தனையும் எங்கள் தலைக்கு மேலாகக் கடல் பக்கம் போய்விட்டது.

பொலியைக் குவித்து மூடிக் காவலுக்கு ஆள் வைத்த பிறகு, மச்சானை வெளியே வரம்புக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன்.

அவன் நம்பவில்லை. "விசர்க் கதை கதைக்காத மச்சான். உள்ள நிண்டு ஓம் எண்டியே!"

மறுபடியும் சொன்னேன். சட்டையைப் பிடித்தான்.

"களவெட்டிக்குள்ள நிண்டு ஆராவது பொய் சொல்லுவானாடா? நீ அங்க நிண்டு சொன்னபடியாத்தானே நான் நம்பின! அப்பா அங்க கிடக்க, நான் இஞ்ச பாட்டுப் பாடிக்கிட்டு நிண்டிரிக்கன்..."

கெட்ட வார்த்தை சொல்லக் கூடாத இடத்தில் பொய் சொல்லலாமா? அம்மானின் சட்டத்தைக் காப்பாற்றினேனா, உடைத்தேனா? வருசச் சோறு தப்பியது என்று சந்தோசப்படுவதா, ஒரு மகனை ஏமாற்றினேன் என்று வெட்கப்படுவதா? முல்லைக்காரரிடம் கேட்டால், "பொலி நல்லா இரிக்கி தம்பி" என்கிறார். அது எனக்குத் தெரியாதா?

தோணியில் மச்சான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம். அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவுக்குப் போனேன். அன்றும் பேசவில்லை. புது அரிசிச் சோறு போட்டார்கள். எல்லோரும் கை வைத்த நேரம் பார்த்து மாமி என்னிடம் கேட்டார்.

"ஏன் மருமகன், வெள்ளெனப் போன நீங்க... ஏன் அவ்வளவு நேரம் சுணங்கின? நான் மனிசன்ர முகத்தில ஈ கலைச்சிக் கலைச்சி, வாசலையே பாத்துக்கிட்டு இருந்தன்."

பந்தியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பதில் மச்சானிடமிருந்து வந்தது.

"அவன் வந்த உடனயே சொல்லிப்போட்டான்மா. நான்தான் பொலியக் குவிச்சிப்போட்டு வாறன் எண்டு நிண்டன்."

மாமி அவனை நெடுநேரம் பார்த்தார். "அப்பனுக்குத் தப்பாத புள்ள" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அது பாராட்டா, வயிற்றெரிச்சலா, அதுவும் எனக்கு விளங்கவில்லை. மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

என்ன அர்த்தம் இதற்கு? மன்னித்துவிட்டானா? அப்படியானால் ஏன் இன்னும் பேசவில்லை? மன்னிக்கவில்லையா? அப்படியானால் என் பழியை ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டான்? பொய் சொன்னதற்காகச் சட்டையைப் பிடித்தவன் எனக்காகப் பொய் சொல்கிறான்; நானும் அதைக் கேட்டுக்கொண்டு மோரும் குடித்துவிட்டு எழும்பி வருகிறேன். மாமியிடம் உண்மையைச் சொன்னால் அவன் பொய்யனாவான். சொல்லாவிட்டால், தகப்பனைக் காக்க வைத்த பிள்ளையாகவே அவன் இருந்துவிடுவான். (மாமி பேப்பர் வாசிப்பதில்லை. வாசிக்கிற நீங்கள் தயவுசெய்து போய்ச் சொல்லிவிடாதீர்கள் — நான் ஒரு முடிவுக்கு வரும் வரைக்குமாவது.)

முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டு பக்கமும் சரியாகவே தெரிகிறது. இரண்டு பக்கமும் பிழையாகவும் தெரிகிறது. நேற்றுப் பின்னேரம் யோசித்து யோசித்து அலுத்து, சரி, வயலில்தான் நிற்பார், அம்மானிடமே கேட்டுவிடுவோம் என்று துறைக்கு நடந்து, தோணியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த நேரத்தில அங்கால ஆரிட்டப் போறீங்க?" என்று தோணிக்காரன் கேட்ட பிறகுதான் இறங்கினேன்.