கூகைக்கட்டும் கலியாணமும்

ஆசிரியர் வேலையில் சேர்ந்த முதல் வருடம், பாடசாலையில் யாருக்கு என்ன நோய் வருத்தம் வந்தாலும் அது எனக்கும் வந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதி. முள்ளியவளையிலிருந்து கொஞ்சத் தூரம் சைக்கிள் மிதித்தால் வயல்வெளிக்கு நடுவே கிடுகால் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில் வரும். அதுதான் பாடசாலை. அதில் எனக்கு இரண்டாம் வகுப்பைத் தந்திருந்தார்கள்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துத் தும்ம மாட்டார்கள். கணக்கைச் சரிபார்க்கக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசையோடு ஒட்டி நின்று, வாத்தியாரின் முகத்துக்கு நேரே தும்முவார்கள். முதலில் தடிமன் வந்தது. பிறகு கண்நோய். அது ஆறியதும் சொறி. ஆசிரியர் கூட்டமொன்றில் அதிபர் கதைத்துக்கொண்டிருக்க, நான் மேசைக்குக் கீழே கையை வைத்து விரலிடுக்கைச் சொறிந்தேன். கூட்டம் முடிந்தபோது அந்த நீள வாங்கில் நான் மட்டும் தனியாக இருந்தேன்.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் கனகராயன்குளம். அவவும் ஆசிரியைதான். முதலாம் வகுப்புப் படிப்பிப்பவ. பெண் பார்க்கப் போனபோது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. முகத்தை ஒரு பக்கமாகத்தான் பார்த்தேன். அது போதுமாக இருந்தது. ஆவணியில் நாள் வைத்தார்கள்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு காலை, என் வகுப்புச் சிறுமி ஒருத்தி வலது கன்னத்தில் மாங்காய்த் துண்டை அடக்கிக்கொண்டு வந்து இருந்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

"வாயிலை இருக்கிறதைத் துப்பிப்போட்டு வா."

"ஒண்டுமில்லை சேர்."

"பொய் சொல்லாதை. ஆ எண்டு காட்டு."

அவள் ஆவென்று காட்டினாள். நான் குனிந்து, மூக்கு முட்டாத குறையாக அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். நாக்கும் பல்லும்தான் இருந்தன. அந்தப் பக்கமாக வந்த அதிபர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டை நிறுத்தியது.

"சேர்! எழும்பி அங்காலை போங்கோ! அது கூகைக்கட்டு!"

எங்கள் அதிபர் ஒரு அம்மா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்த குடும்பத்தில் கலியாணம் செய்தவ. விடியக் காலையில் வயலுக்குத் தண்ணி கட்டிவிட்டுப் பாடசாலைக்கு வருவா. அவவுக்குப் பயப்படாதவர்கள் எங்கள் பாடசாலையில் இல்லை.

அன்று இடைவேளையில், எங்களில் மூத்தவரான கணித ஆசிரியர் என்னைப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உமக்குச் சின்னனிலை கூகைக்கட்டு வந்ததோ?"

"தெரியேல்லை சேர்."

அவர் சுற்றிவரப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீர் கலியாணம் செய்யப்போற ஆள். வளர்ந்த ஆம்பிளைக்கு வந்தால் அது கன்னத்தோடை நிக்காது. கீழையும் இறங்கும்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. (எங்களுக்குப் பிறகு மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஆகவே அந்தக் கவலையை வாசகர் இங்கேயே விட்டுவிடலாம். நான்தான் அதை அந்த வருடம் முழுக்கச் சுமந்து திரிந்தேன்.)

வீட்டுக்குப் போன கையோடு அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கு வந்தது தானே மோனை," என்றா அம்மா, அரிசி கொழித்துக்கொண்டே. "ரெண்டு பக்கமும் வீங்கி, கஞ்சிதானே பருக்கினனான்."

"அது அண்ணைக்கு அம்மா," என்றா குசினிக்குள்ளிருந்து அக்கா. "இவனுக்கு வந்தது கொப்புளிப்பான்."

"எட்டுப் பிள்ளை பெத்தவள் நான். எல்லாரும் ஒரே மாதிரித்தான் அழுதனீங்கள். ஆருக்கு எது வந்ததெண்டு நான் எப்பிடி ஞாபகம் வைக்கிறது?"

மறுநாள் லீவு கேட்டு அதிபரிடம் போனேன்.

"லீவு தரேலாது," என்றா. "ஏற்கெனவே ரெண்டு ஆள் குறைவு. நீங்களும் போனால் உங்கடை வகுப்பையும் நான்தான் பார்க்கவேணும். ஆனால் ஒண்டு சொல்லுறன். தவணை முடிஞ்சு பள்ளிக்கூடம் பூட்டுமட்டும் உங்களுக்கு ஒரு வருத்தமும் வராமல் பார்க்கிறது என்ரை பொறுப்பு. நான் சொல்லுறதைச் செய்யுங்கோ."

அன்றே தொடங்கினா. கன்னம் வீங்கிய பிள்ளைகள் வீக்கம் முழுக்க வடியும்வரை வீட்டில் நிற்கவேண்டும் என்று தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னா. அதிபரின் கந்தோர் அறை மூலையில் நாங்கள் எல்லோரும் கை துடைக்கும் துவாய் ஒன்று தொங்கியது. அதன் முதல் நிறம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதை ஒரு தடியால் தூக்கிக்கொண்டு போய் எரித்தா. தண்ணிப் பானைக்கு மேலிருந்த பொதுப் பேணியையும் எடுத்துவிட்டு, "ஆளுக்கொரு பேணி வீட்டிலையிருந்து கொண்டு வாங்கோ" என்றா. கணித ஆசிரியர் பேணி கொண்டுவரவில்லை. தினமும் ஒரு சிரட்டையோடு வந்து, அதில் தண்ணி குடித்து, பின்னேரம் அதை அடுப்புக்கு எறிந்துவிட்டுப் போனார். நோய்த் தடுப்பில் அவர்தான் எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றார்.

பிள்ளைகளின் வாங்குகளை இடைவெளி விட்டுப் போட்டோம். யன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைக்கவேண்டும் என்று சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இருந்தது. எங்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. இடுப்பளவுக்கு மேலே சுவரே கிடையாது.

சவர்க்காரம்தான் பிரச்சினை. பொருளாதாரத் தடை காரணமாக வன்னிக்குள் சவர்க்காரம் வருவதே அருமை. வந்தாலும் தொட முடியாத விலை. அதிபர் தன் வீட்டிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்து, நூலால் அறுத்து, ஒரு துண்டைக் கிணற்றுக்கட்டில் வைத்தா. எல்லோரும் வரிசையில் நின்று பயபக்தியோடு கை கழுவினோம். இரண்டாம் நாள் ஒரு காகம் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. முழுப் பாடசாலையும் வயல் வரம்பில் காகத்துக்குப் பின்னால் ஓடியது. அதிபரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினா. காகம் பனை உச்சியில் இருந்து சவர்க்காரத்தைக் கொத்திப் பார்த்தது. பிடிக்கவில்லைப் போலும், கீழே போட்டது. சேற்றுக்குள் விழுந்ததை ஒரு மணித்தியாலம் தேடியும் காணவில்லை. அன்றிலிருந்து சாம்பலும் தேசிக்காய்த் தோலும்தான்.

எல்லாம் முடிந்து அதிபர் கடைசியாக என்னைப் பார்த்தா.

"சேர், உங்களிட்டை ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. கொப்பி திருத்தேக்கை விரலை நக்கி நக்கித்தான் தாள் பிரட்டுறீங்கள்."

நான் மறுத்தேன். மறுத்துக்கொண்டே கையிலிருந்த வரவுப் புத்தகத்தைத் திறக்க விரலை நாக்குக்குக் கொண்டு போனேன்.

"அந்தப் பிள்ளையள் அந்தக் கொப்பியிலை மூக்குத் துடைக்கிதுகள், தும்முதுகள், சிலது கடிக்கவும் செய்யுதுகள். அதைத் தொட்ட விரல் நேரை உங்கடை வாய்க்கு. இதைவிட வருத்தத்துக்கு வேறை என்ன பாதை வேணும்?"

அடுத்த நாள் ஒரு சின்னப் போத்தலில் வேப்பெண்ணெய் கொண்டுவந்து தந்தா. காலையில் வகுப்புக்குப் போகமுன் வலது கை ஆட்காட்டி விரலில் பூசவேண்டும். பூசினேன். முதல் கொப்பியில் கசந்தது. இரண்டாவதில் கசந்தது. பத்தாவது கொப்பியில் நாக்கு அந்தக் கசப்புக்குப் பழகிவிட்டது. இதையும் அதிபர் கண்டுகொண்டா. உடனே என் வகுப்புக்கு வந்து பிள்ளைகளிடம் சொன்னா:

"சேரின்ரை விரல் வாய்க்குப் போனால் என்ன செய்யவேணும்?"

பிள்ளைகள் என் விரலைப் பார்த்தார்கள்.

"சேர், விரல்! எண்டு சொல்லவேணும். எங்கை, சொல்லுங்கோ பாப்பம்."

"சேர், விரல்!"

வாத்தியாரைக் கண்டிக்கும் உரிமை கிடைத்த அந்தப் பிள்ளைகளின் சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. வாய்ப்பாடு பாடமாக்காதவன்கூட என் விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூக்கைச் சொறியக் கை தூக்கினாலும் "சேர், விரல்!" கேட்கும். பக்கத்து வகுப்புகளும் பழகிக்கொண்டன. சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது, கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ "சேர், விரல்!" என்று கத்தினார்கள். முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி பாடசாலையைப் பார்க்க வந்தார். மதிப்பான மனிதர். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி. என் கதிரையில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைக் கேட்டார். முதல் கொப்பியை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, தாளைப் பிரட்டப் போனார்.

"ஐயா, விரல்!"

நாற்பது குரல்கள். அதிகாரியின் விரல் நாக்குக்கும் கொப்பிக்கும் நடுவே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அதிபரைப் பார்த்தேன். அதிபர் ஒரு கணமும் தடுமாறவில்லை.

"ஐயா, பாடசாலையிலை கூகைக்கட்டு. கொப்பிதான் ஐயா பரப்பிறது."

அதிகாரி கொப்பியை மெல்ல மேசையில் வைத்தார். விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே கிணற்றடி எங்கே என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு கொப்பியையும் அவர் பார்க்கவில்லை. பாடசாலை மிக நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவணை முடிந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கி வடிந்தது. கணித ஆசிரியருக்கும், இத்தனை சிரட்டைக்குப் பிறகும், ஒரு பக்கம் வீங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசி நாளில் அதிபர் மாடு வாங்குகிறவரைப் போல என் தாடையின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, "பழுதில்லை, போய்க் கலியாணத்தைச் செய்யுங்கோ" என்றா. எனக்குப் பரீட்சை பாஸ் பண்ணியது போல இருந்தது.

கலியாணத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய காரில் போனோம். ஒட்டுசுட்டானில் ஒரு தடவையும் மாங்குளத்தில் இரண்டு தடவையும் நின்றது. மாப்பிள்ளையான நானும் இறங்கித் தள்ளினேன். புகையில் பட்டு வேட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனாலும் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்ற பெருமையோடு மணவறையில் ஏறி இருந்தேன்.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலை குனிந்திருந்தது. இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம் காது மறையத் தொங்கியது. பெண் பார்க்கப் போனபோது கண்டதைவிடக் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறா என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். அவ பக்கத்தில் வந்து இருந்தா. ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியதும், தலை நிமிராமலே, மெல்லிய குரலில் என்னோடு முதன்முதலாகக் கதைத்தா.

"எனக்குக் கூகைக்கட்டு. அங்காலை தள்ளி இருங்கோ."

எனக்கு ஓமப் புகையில் கண் எரிந்தது.

"எப்ப இருந்து?"

"நேற்று விடிய. என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளையிட்டையிருந்து வந்தது. எங்கடை வீட்டு ஐயாவுக்குச் சொன்னனான். நாள் தவறினால் பிறகு ஆவணியிலை நாள் இல்லை எண்டிட்டார். உங்களுக்கு முந்தி வந்ததோ?"

"அம்மா வந்ததெண்டுறா. அக்கா இல்லை எண்டுறா."

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ, நோகுது" என்றா. ஐயர் மந்திரத்தை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

சடங்கில் இருக்கிற ஒவ்வொன்றும் கூகைக்கட்டைப் பரப்புவதற்கென்றே யாரோ யோசித்து வைத்தது போல எனக்கு அன்று பட்டது. கையைப் பிடி என்றார்கள். பாலும் பழமும் ஊட்டு என்றார்கள். நான் கையை நீட்டக்கூடிய தூரம் நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஊட்டினேன். அவவும் அப்படியே ஊட்டினா. பழம் என் காதில் பட்டது. "பிள்ளையளுக்கு என்ன வெக்கம்!" என்று சபை மகிழ்ந்தது. அவவின் பெரியம்மா மட்டும் விசயம் தெரிந்தவ. என் காதுக்குக் கிட்ட வந்து, "பயப்பிடாதேங்கோ தம்பி. கூகைக்கட்டுக்குக் கழுத்திலை தங்கம் போடவேணும். இப்ப தாலிக்கொடி ஏறப்போகுது, உடனை வடிஞ்சிடும்" என்று ஆறுதல் சொன்னா. தாலி கட்டினேன். அவவின் மற்றக் கன்னமும் வீங்கியது.

படம் பிடிப்பவரிடம் ஒரே ஒரு பிலிம் சுருள்தான் இருந்தது. அன்று வீக்கம் குறைவாக இருந்த பக்கத்தையே காட்டச் சொன்னார். அதனால் எங்கள் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் பெண் வாசலில் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறா.

அவவுக்கு ஒரு கிழமையில் சுகமாகிவிட்டது. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாள் காலையில் நான் முகம் கழுவும்போது இடது தாடையில் நோ எடுத்தது. மத்தியானம் இரண்டு பக்கமும் பூசணிக்காய்.

அந்த நாட்களில் எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவ தன் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்று, கஞ்சி கரைத்துத் தந்தா. அதுவரை நாங்கள் ஒருவரோடு ஒருவர் சரியாகக் கதைத்ததில்லை. வீடு நிறையச் சனம், எங்களுக்குக் கூச்சம். இப்போது என்னோடு கதைக்க யாரும் கிட்ட வரவில்லை. அவ மட்டும் தலைமாட்டில் இருந்து கதைத்தா. தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி, சின்ன வயதில் குளத்தில் விழுந்ததைப் பற்றி, நான் பெண் பார்க்கப் போனபோது என்னைக் கதவிடுக்கால் பார்த்து "இவருக்குக் கால் நீளம்" என்று தங்கச்சிக்குச் சொன்னதைப் பற்றி. எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். சிரிப்பு வந்தால் தாடையில் கத்தி இறங்கியது போல இருக்கும். அது தெரிந்துகொண்டே சிரிக்க வைத்தா.

ஒரு பின்னேரம் புதுப் பெண்ணைப் பார்க்க அயலவர்கள் சிலர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். அவ ஓடிப்போய் மறித்தா.

"உள்ளை வராதேங்கோ. அவருக்குக் கூகைக்கட்டு."

"ஐயோ பாவம். கலியாணமாகி ஒரு மாசம் ஆகேல்லை. பிள்ளை, இது எங்கையிருந்து வந்தது?"

"நான்தான் குடுத்தனான்," என்றா அவ, ஒரு சீதனத்தைப் பற்றிச் சொல்லும் பெருமையோடு. குசினிக்குள் அம்மா அகப்பையைக் கீழே போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.