நாஞ்சாரம்மா வைத்த பறி

கொல்லேறு ஏரிக்கு நடுவே திட்டில் இருக்கிறது எங்கள் தாமரலங்கா. அங்கே நாஞ்சாரம்மாவைப் போல் மூங்கிலில் பின்னிய மீன்பறி வைக்க ஆண்களிலும் ஆள் கிடையாது. விரால் எந்தக் கோரைக்குள் புரளும் என்பதைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தாயில்லாத தம்பி போத்துராஜுவை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். ஊர்ச் சங்கம் ஏரிக் காவலுக்கு ஆள் தேடியபோது, தலைவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்று அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

மழை பிடித்ததிலிருந்து இரண்டு மாதம் மீன் முட்டையிடும் காலம். வலையோ பறியோ தண்ணீரில் படக் கூடாது. மீறினால் ஆறு மாதம் ஊர்விலக்கு. நாங்கள் எல்லோரும் கைதூக்கிப் போட்ட சட்டம். நாஞ்சாரம்மாவும் தூக்கினாள்.

அந்த வருஷம் அவள் புருஷன் வீரேசம் காசநோயில் எலும்பாகிக் கிடந்தான். சோறு இறங்கவில்லை; விரால் சாறு கேட்டான். ஒரே ஒரு நாள் பறி வைத்தாள். எடுக்கப் போனபோது போத்துராஜு தோணியோடு நின்றான்.

"பறியத் தூக்குக்கா."

"மாமாவுக்குடா. ஒண்ணே ஒண்ணு."

"தூக்கு."

முட்டை நிறைந்த விரால். உயிரோடு திரும்ப விட்டிருக்கலாம். அவன் அதன் வயிற்றைக் கீறி முட்டையை அவள் முந்தானையில் கொட்டினான். மீனை நாரில் கோத்து அவள் கழுத்தில் மாட்டித் தெருவோடு நடத்தி வந்தான்.

"எங்க அக்கான்னு விட்டா, நாளைக்கு உங்க அக்காவையும் விடணும்ல?" என்றான் எங்களிடம்.

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விலக்கு விழுந்த பன்னிரண்டாம் நாள் வீரேசம் செத்தான். நாஞ்சாரம்மா வீடு வீடாக வந்து நாலு தோள் கேட்டாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டோம். சாவுக்கென்று தனிச் சட்டம் எழுதவில்லை என்றாராம் தலைவர்.

பிணத்தைப் பாயோடு இழுத்துத் தோணியில் ஏற்றினாள். சுடுகாடு அக்கரை மேட்டில். துறையில் போத்துராஜு தோணியை நிறுத்தி ஏறினான். தோணி தள்ளும் கோலை வாங்கிக்கொள்வான் என்றுதான் நினைத்தோம். அவன் குனிந்து, வலை ஒளித்திருக்கிறாளா என்று பிணத்தின் அடியில் கைவிட்டுத் துழாவினான்.

அவள் பாயின் ஓரத்தைத் தூக்கிக் கொடுத்தாள்.

"கால்மாட்டுல பாக்கலயேடா. நல்லாப் பாத்துக்க."

அங்கேயும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

விறகு கொடுப்பாரில்லை. புதைத்தாள். அக்கரையில் மண்வெட்டி ஏறி இறங்குவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறு வருஷம் விரால் வலை கொள்ளாமல் பட்டது. சட்டத்தின் பலன் என்றார் தலைவர்; பொய்யில்லை. போத்துராஜுவைக் காவலாட்களுக்கெல்லாம் மேலாளாக்கினார்கள். விலக்கு தீர்ந்த பிறகும் நாஞ்சாரம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. பருவம் திறந்தால் பறி வைப்பாள், மூடினால் எடுப்பாள். ஒரு நாள் பிசகியதில்லை.

தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல ஒரு தடவை போத்துராஜு அவள் வாசலுக்குப் போனான். அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றான். அவன் திரும்பிப் போகும்வரை சுரண்டிக்கொண்டே இருந்தாள்.