அக்கா கடைக்கு ஆளுக்கொரு முகவரி

இன்னும் கோபம் ஆறவில்லை.

புன்னைக்காயலிலிருந்து இணையத்தில் கருவாடு விற்கும் என் அக்காவோடு, அவளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவரின் ஆபீசுக்கு இன்று போனேன். நெட்டில் தேடி வருகிறவர்களுக்கு அவள் கடை திறப்பதே இல்லை. "செஷன் முடிந்தது" என்றுதான் வருகிறது.

"சர்ச் எஞ்சின் அப்படித்தான் மேடம். விளம்பரம் போடுங்க," என்றார்.

வருகிற ஆளுக்கெல்லாம் லிங்கின் வாலில் புதுப்புது செஷன் நம்பரை, சற்று நேரத்தில் காலாவதியாகும் வருகை எண்ணை, ஒட்டியது இவர்! தேடலில் பதிவாகியிருப்பதெல்லாம் காலாவதியான அந்தப் பழைய லிங்குகள்தான்; ஒரே நெத்திலிப் பக்கம் வேறு வேறு பக்கங்களாகச் சிதறிக் கிடக்கிறது. "நம்பரை லிங்கிலிருந்து எடுத்து, வருகிறவரின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் குக்கீயில் வையுங்கள்" என்றேன்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்."

அக்கா எழுந்துவிட்டாள். "ஏன் தம்பி, நான் கடைய மூடவே இல்லியே. முடிஞ்சிட்டுன்னு சொல்ல நீ யாரு? பாஸ்வேர்டக் குடு."

வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். இனி நானே சரிசெய்துகொள்வேன்.

வெளியே வரும்போதுதான் போர்டைப் பார்த்தேன். தேடலில் முதலிடம் பிடிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறாராம். யாராவது சேர்ந்திருந்தால் சொல்லுங்கள், அக்காவுக்கு உங்களிடம் பேச வேண்டுமாம்.