புளி போட்டு மினுக்கிய பென்னி

அரியரத்தினம் ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஒரு கண்ணாடி ஆலையில் வேலை செய்கிறார். வரிசையில் நகர்ந்து வரும் வெறும் போத்தல்களில் கீறலோ குமிழோ கண்டால் எடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அதுதான் வேலை. வீட்டுக்கு வந்து பழைய பிரிட்டிஷ் பென்னிக் காசுகளைப் பார்ப்பார். ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்காக வந்த நான் அவர் வீட்டு மேலறையில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்தேன். ஆலையில் பார்த்தது போதாதா இவருக்கு என்று முதல் வாரம் நினைத்தேன்.

பென்னிகளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பைபையாக வாங்குவார். முன்பு இந்தப் பக்கம் முகாமிட்டிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் விட்டுப்போனவையாம். காசின் பின்புறத்தில் சூலத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவளுக்குப் பின்னால் கடல். 1902இல் அச்சான சில காசுகளில் மட்டும் அந்தக் கடல்மட்டம் மயிரிழை தாழ்ந்திருக்கும். அவரிடம் அப்படி ஒன்று உண்டு. "தண்ணி வத்தின காசு" என்பார். ஆனால் அது பட்டியல் புத்தகத்தில் ஏற்கெனவே ஏறியது. வேறு யாரோ கண்டுபிடித்தது.

போன மார்ச்சில் 1920ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றில் எழுத்துகளுக்கு அடியில் புடைத்த புள்ளி ஒன்றைக் கண்டார். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. நாணயச் சங்கத்தின் செயலாளர் யூலியாவிடம் சொன்னார். சனிக்கிழமை காசையும் பெரிதாக்கிய படத்தையும் கொண்டு வாருங்கள், காசு அச்சடிக்கும்போதே விழுந்த புள்ளிதான் என்றால் உங்கள் பெயரிலேயே மாத இதழில் போடுகிறோம் என்றார் அவர். நான்கு பக்க இதழ் அது. பதினான்கு வருட உறுப்பினரான அரியரத்தினத்தின் பெயர் இதுவரை வருகைப் பட்டியலில் மட்டுமே வந்திருந்தது.

புதன்கிழமை மாலை, ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக் கமெராவை இரவல் வாங்கி வந்தேன். சமையலறை மேசையில் வைத்துப் படம் எடுத்தோம். புள்ளியின் ஓரம் எழுத்துகளின் ஓரம் போல இல்லை. செம்பில் ஏறும் களிம்பு போல லேசாகப் பச்சையாக இருந்தது.

"எப்பிடித் தம்பி, புள்ளி தெரியுதோ?"

"தெரியுது அங்கிள்."

அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். நான் சொன்னதை வீட்டில் யாரும் சரிபார்த்ததில்லை. இருக்கிறது என்று சொன்னால் இருக்கும். அந்தப் பழக்கமோ, அவர் முகத்தைப் பார்த்ததோ, எது என் வாயை அடைத்தது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் நான் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். மூன்று மணிக்குக் கீழே அவர் குரல் கேட்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமைக்காக வியாழன்தோறும் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது அவர் மனைவி யோகத்தின் வழக்கம். மேசையில் துணிமேல் கிடந்த பென்னிகளையும் சேர்த்துத் தேய்த்திருந்தார். பன்னிரண்டும் ரோஜா நிறத்தில் மின்னின.

"யோகம், என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

"மினுக்கி வைச்சனான். வெள்ளையளுக்கு முன்னாலை ஊத்தைக் காசைக் கொண்டுபோனா, வீட்டிலை பொம்பிளை இல்லையோ எண்டு கேப்பினம்."

"நூறு வருச ஊத்தையப்பா அது! அதுக்குத்தான் மதிப்பே."

"அப்ப உங்கட சேர்ட்டையும் தோய்க்காமல் விடட்டே? மதிப்பு ஏறட்டும்."

அரியரத்தினம் உருப்பெருக்கியை எடுத்தார். 1920ஆம் ஆண்டுக் காசை மூன்று தடவை திருப்பினார்.

"புள்ளியைக் காணேல்லை."

யோகம் கையைத் துடைத்தார். "நான் அழுத்தித் தேய்க்கேல்லையப்பா."

"தேய்ச்சுப் போறதெண்டால் அது அச்சிலை வந்த புள்ளி இல்லை." பிறகு 1902ஐ எடுத்துப் பார்த்தார். "இது அப்பிடியே வத்தித்தான் கிடக்குது."

நான் சொன்னேன்: "படம் இருக்கு அங்கிள். அதை யூலியாவுக்கு மெயில்ல அனுப்பிடலாம். காசு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க."

"ஊத்தைக்கு என்ர பேரை வைக்கிறதோ?" என்னை ஒரு கணம் பார்த்தார். "உமக்கு நேற்றே தெரியும், என்ன?"

"சந்தேகமா இருந்துச்சு."

"பிறகேன் தெரியுது எண்டனீர்?"

"புள்ளி தெரிஞ்சுதுதானே அங்கிள்."

"நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்," என்றார். யோகம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை நானும் சங்கத்துக்குப் போனேன். காசின் பளபளப்பைப் பார்த்த யூலியா இரண்டு கன்னத்திலும் கைவைத்துக்கொண்டார். அரியரத்தினம் ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: புள்ளி வெறும் அழுக்கு, மனைவி கழுவிவிட்டார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் சிரித்தார்கள். புளி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். அரியரத்தினம் அவருக்குக் கடையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத இதழில் அவர் பெயர் வருகைப் பட்டியலில் ஒன்பதாவதாக வந்தது. படம் என் கணினியில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் புள்ளி போலத்தான் தெரிகிறது.