டவர் இல்லாத வீடு

கண்ணாடிக்காரனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறான். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பதும், அதை வந்தவர் முகத்தில் மாட்டிச் சரி பார்ப்பதும் அவன் பொறுப்பு. "மூக்குல அழுத்துதா? காதுக்குப் பின்னாடி உறுத்துதா? கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, நழுவுதா?" என்று முன்பின் தெரியாதவரிடம்கூட அத்தனை பொறுமையாகக் கேட்பான். ஒரே ஆள் நாலு தடவை திரும்பி வந்து "இன்னும் சரியில்லையே" என்றாலும் முகம் சுளிக்க மாட்டான். என்ன, அந்தப் பொறுமை கடை ஷட்டரை இறக்குவதற்குள் தீர்ந்துபோகும். வீட்டுக்கு ஒரு சொட்டும் வந்து சேராது. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் அக்காவின் போன் வரும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. வார்டு வார்டாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் பிரித்து, துவைத்து, காயவைத்து அனுப்புகிற இடம். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, தம்பி சின்னப் பையன். அப்போது உள்ளே போனவள்தான். தம்பியைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடிக் கடை முதலாளி முன்னால் போய் நின்று, "கை நல்லா வரும் சார், ஒரு மாசம் பாத்துட்டு வேணாம்னா அனுப்பிடுங்க" என்று கெஞ்சி அவனைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். பிறகு அவளுக்கும் கல்யாணம் ஆனது. பிள்ளை இல்லை. கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள்.

அதன் பிறகுதான் போன் நீளத் தொடங்கியது. ராத்திரி ஷிஃப்ட் இடைவேளையில் கூப்பிடுவாள். இன்றைக்கு எந்த மிஷின் மக்கர் பண்ணியது, சூப்பர்வைசர் புது ஷூவோடு வந்து சோப்புத் தண்ணீரில் எப்படி வழுக்கினார், பக்கத்து அறைக்காரியின் பூனை யார் கட்டிலில் குட்டி போட்டது. பேச்சுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. இவன் "ம்" கொட்டிக்கொண்டே டிவியைப் பார்ப்பான். ஒரு நாள், பூனைக் கதை பாதியில் இருக்கும்போது, விரல் தானாகப் போய் அணைத்துவிட்டது. மறுநாள் அக்கா கேட்டாள், "என்னடா, நேத்து கட் ஆயிடுச்சு?"

"டவர் இல்லக்கா" என்றான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொய் சர்க்கரையாக வேலை செய்தது. அதற்கடுத்த நாள் போன் அடித்தபோது எடுக்கவே இல்லை. கேட்டால் டவர் இல்லை. கொஞ்ச நாளில் அந்த வீட்டில் டவர் என்பதே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது பொய்யை நிறுத்த வேண்டுமே. ஒரு நாள் அவன் கடையிலிருந்து பேசியபோது, "மெசேஜ் மட்டும் வருதேடா?" என்றாள் அக்கா. "மெசேஜ் வரும்க்கா, பேச்சுதான் வராது." "உன் பொண்ணு பாப்பா வீடியோல பாடம் படிக்குதுன்னியே?" "அது நெட்டுக்கா. நெட்டுக்கு வேற டவர்." லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்குக் காது இருந்தால் அதுவே சிரித்திருக்கும். அக்கா சிரிக்கவில்லை, நம்பினாள். போன் விஷயத்தில் தம்பி சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. அவளுக்கு முதல் போன் வாங்கிக் கொடுத்து, தன்னுடையதைப் போலவே பச்சைக் கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தவன் அவன். "ரெண்டு பேரும் ஒரே கம்பெனின்னா பேசறது மலிவுக்கா" என்று அன்றைக்குச் சொன்னதும் அவனேதான்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "உங்க அக்காகிட்ட பேசப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. எதுக்கு என் வீட்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றீங்க?" என்றாள்.

"பிடிக்கலன்னு யார் சொன்னா? களைப்பா இருக்கு."

"அவங்களுக்கு மட்டும் களைப்பே கிடையாதா?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அக்கா கடை நம்பருக்கே கூப்பிட்டாள். "நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாம் விசாரிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை நானே வந்து எந்தக் கம்பெனி உன் வீட்ல எடுக்குதுன்னு பாத்து முடிவு பண்ணிடறேன்."

"வேணாம்க்கா. கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன்."

"கம்ப்ளைன்ட் குடுத்து எவன் வந்து பாத்தான்? எனக்கு அன்னைக்கு லீவுதான்."

அக்கா ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். வளர்த்தவளிடம் பொய்யன் என்று பெயர் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்காவது வெளியே போய்விடலாமா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டதையே வாபஸ் வாங்கிக்கொண்டான். கடைசியில், அன்று காலை எழுந்ததும் தன் போனை டவர் எடுக்காத விமானப் பயண நிலையில் போட்டு அலமாரி மேல் வைத்தான். அதுவரைக்கும்தான் அவன் புத்தி ஓடியது.

அக்கா மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையைத் திறந்து துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். உள்ளே மூன்று போன்கள்.

"இது என்னோடது. இது எங்க இஸ்திரி அக்காவோடது, மஞ்சக் கம்பெனி. இது மடிப்பு மேசையில நிக்கிற பொண்ணோடது, பழைய கம்பெனி. 'தம்பி வீட்ல டவர் இல்லாம கஷ்டப்படறான்'னு சொன்னேன், ஒரு நாளைக்கு வச்சுக்கோன்னு கழட்டிக் குடுத்துட்டாங்க. ஒரு பேச்சு பேசலயே!"

அவனுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. யாரோ இரண்டு பேர் லீவு நாளில் போன் இல்லாமல் இருக்கிறார்கள், இவன் டிவி பார்த்ததற்காக.

அக்கா வேலையைத் தொடங்கினாள். ஹாலின் நாலு மூலையிலும் ஒவ்வொரு போனாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பார்த்தாள். பின்னறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகூடப் பார்த்தாள். மூன்று போனிலும் சிக்னல் கோடுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. ஒரு பாட்டை ஓடவிட்டாள். எங்கேயும் நிற்காமல் ஓடியது.

"இன்னைக்கு லீவு நாளு, கூட்டம் இல்ல, அதான் நல்லா எடுக்குது போல" என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். தம்பிக்காகக் காரணம் தேடுவது அவளுக்குப் பழகிப்போன வேலை. "உன் தெருவுக்குப் பார்சல் கொண்டு வர்ற கூரியர்காரரப் புடிச்சுக் கேட்டேன்டா. 'அந்தத் தெருவுல எல்லாக் கம்பெனியும் நல்லா எடுக்குமே'ங்கறார். எனக்கு வந்துச்சே கோவம்! 'வாசல்ல குடுத்துட்டுப் போறவரு நீங்க. வீட்டுக்குள்ள இருக்கிறவன் என் தம்பி. அவன் என்ன பொய்யா சொல்றான்?'னு சண்டையே போட்டுட்டேன். பாவம், அந்த மனுஷன் பார்சலத் தூக்கிட்டுப் போயிட்டார்."

சமையலறையில் ஒரு பாத்திரம் சற்று பலமாக வைக்கப்பட்டது. கண்ணாடிக்காரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னாள். பழைய கம்பெனி எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் பாப்பாவின் பாடத்துக்கு வேகம் பத்தாது. மஞ்சள் எங்கே போனாலும் எடுக்கும், விலை கொஞ்சம் கூட. "எங்க லாண்டரி பேஸ்மென்ட்லயே மஞ்சள்தான்டா எடுக்கும். பச்சை செத்தாலும் எடுக்காது."

"அப்ப நீ எப்படிக்கா பேசுவ?"

"வெளிய வந்துதான். ஜெனரேட்டருக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு, அங்க ரெண்டு கோடு வரும். மழை பேஞ்சா குடையப் புடிச்சுக்குவேன். எல்லாரும் மஞ்சளுக்கு மாறு மாறுன்னுதான் சொன்னாங்க. உன்கூடப் பேசறதுக்கு இதுதானே மலிவு, அதான் மாத்தல."

டவர் இல்லாத இடத்தில் இருந்தது அவள். ஒரு நாள்கூட அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. இவன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு "ம்" கொட்டிய நேரமெல்லாம் அவள் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இவனுடைய காது சுட்டது. இவ்வளவு காலம் ஒரு தடவையாவது, நீ எங்கே நின்று பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறானா? ஊரான் மூக்கில் எங்கே அழுத்துகிறது என்று நாள் முழுக்கக் கேட்கிறவன்.

"சரி, உன் போனைக் குடு, அதையும் பாத்துடலாம்."

"சார்ஜ் இல்லக்கா."

அதற்குள் அவள் எழுந்து அலமாரி மேலிருந்ததை எடுத்துவிட்டாள். திரையைத் தொட்டதும் வெளிச்சம் வந்தது, சார்ஜும் முக்கால்வாசி இருந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இந்த விமானம் ஏன்டா நிக்குது? எங்க மடிப்புப் பொண்ணு வேலை நேரத்துல யாரும் கூப்பிடக் கூடாதுன்னா இதைத்தான் போட்டு வைக்கும்."

திரையை மேலிருந்து இழுத்து அந்த விமானத்தைத் தொட்டாள். கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுந்து நின்றன. உடனே போன் இரண்டு தடவை சிணுங்கியது. காலையில் பஸ்ஸில் வரும்போது அவள் கூப்பிட்டிருக்கிறாள். அந்தத் தகவல்தான் இப்போது வந்து விழுந்தது. அக்கா அதைப் படித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கம்பெனி போன் அடித்தது. இஸ்திரி அக்கா தன் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிடுகிறாள். அக்கா எடுத்தாள். எதிர்ப்பக்கக் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, தம்பி வீட்ல டவர் கெடச்சுதா? மடிப்புப் பொண்ணும் இங்கதான் நிக்குது, என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருக்கு."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"கெடச்சுதுக்கா. டவர்ல ஒண்ணும் இல்ல. அவன் சிம்லதான் ஏதோ கோளாறு. மாத்துனா சரியாயிடும்... ஆமா, பாவம், அவனுக்கு என்ன தெரியும்."

போனை வைத்தாள். துண்டை விரித்து மூன்றையும் பழையபடி சுற்றினாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவன் மனைவி வந்து கையைப் பிடித்தும் நிற்கவில்லை. "போன்களத் திருப்பிக் குடுக்கணும்மா, பாவம் காத்துட்டிருப்பாங்க" என்றாள்.

கண்ணாடிக்காரன் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். முதல் மாடிப் படியில்தான் வாய் திறந்தது. "டவர் எப்பவும் இருந்துச்சுக்கா. நான்தான் எடுக்கல."

"தெரியுதுடா."

"களைப்புல..."

"எனக்கும்தான் வேலைக் களைப்புல யார்கூடவும் பேசப் பிடிக்காது" என்றாள் அக்கா. "உன்கூட மட்டும்தான் பேசுவேன். அது உனக்குத் தொந்தரவா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். தப்பு தன் பேரில் என்பது போலச் சொன்னாள். அவன் கூனிக் குறுகிப் படியிலேயே நின்றுவிட்டான். இனி தினமும் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்ல வந்தது. சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் கேட்கும் என்று விழுங்கிக்கொண்டான்.

அக்கா அவன் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் மஞ்சளுக்கு மாறிக்கறேன், மழையில நிக்க வேணாம் பாரு. நீ போன் எடு, எடுக்காம இரு, அது உன் இஷ்டம். ஆனா இல்லாத கோளாற மட்டும் என்கிட்ட சொல்லாதடா. நான் நெஜமா அதை சரி பண்ணக் கிளம்பிடுவேன்."