போதகர் வீட்டுத் தகரம்

தம்பியின் மகனுடைய புதுவீட்டுக் குடிபூரலில் புதுப் போதகர் 'புரோனோயா' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தார். வருவதை முன்பே கண்டு பராமரிக்கும் தேவ கிருபை என்று விளக்கினார். எனக்குத் தார் பூசிய கயிற்றின் மணம் வந்துவிட்டது.

அறுபதுகளில் பாலையூற்றில் எங்கள் பக்கத்து வளவில் பழைய போதகர் இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய மச்சான் ஒரு மத்தியானம் கப்பல் கயிறு கொண்டுவந்து, தகரக் கூரையைத் தென்னைகளோடு இழுத்துக் கட்டினார். ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தார் நாற்றம். எதற்கென்று அம்மா போதகரிடம் கேட்டார்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான், பிள்ளை."

பொழுதுபட்டதும் புயல் அடித்தது. எங்கள் தென்னோலைக் கிடுகுக் கூரை பறந்தது. சுவர் சரிந்து தம்பியின் காலை நசுக்கியது. துறைமுகத்துக்குக் காலையிலேயே புயல் செய்தி வந்ததாகப் பிறகுதான் அறிந்தோம்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் இதே சொல்லை முழங்கினார். தன் கூரையில் ஒரு தகரமும் அசையாதது தேவனின் புரோனோயாவாம். அம்மா எழும்பினார்.

"மச்சான் சொன்னதை எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"சனம் பயப்பிடுமெண்டு சொல்லேல்லை."

"பயப்பிட எண்டாலும் நேரம் தந்திருக்கலாம்."

வளர்ந்தபின் அந்தச் சொல்லை வேதாகமத்தில் தேடினேன். பவுலைக் குற்றஞ்சாட்ட வந்த வக்கீல், தேசாதிபதியைக் குளிர்விக்க அவருடைய முன்யோசனையைப் புகழும் இடத்தில் அது கிடந்தது. பொருத்தமான வாய்தான்.

புதுப் போதகர் எல்லாரையும் எழும்பி நின்று ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். தம்பிக்கு எழும்ப ஏலாது. நான் எழும்பவில்லை.